சைக்கிள் டைனமோவுக்கு மூன்று முறை ஒயர் இழுத்த அனுபவம்

போன மாதம் என் சைக்கிளின் விளக்கு ஒயரை முழுவதுமாக உருவி எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து இழுத்தேன். இது மூன்றாவது தடவை. ஆறு வருடமாக அந்த சைக்கிளில் இருக்கும் ஹப் டைனமோ, அதாவது முன்சக்கரத்தின் நடுவிலேயே உட்கார்ந்து விளக்குக்கு மின்சாரம் தரும் டைனமோ, ஒரு நாள்கூடத் தகராறு செய்ததில்லை. முன்விளக்கும் பின்விளக்கும் அப்படியே. வெளிச்சம் போன ஒவ்வொரு முறையும் காரணம், இவை மூன்றுக்கும் நடுவே ஓடுகிற, சில நூறு ரூபாய்கூடப் பெறாத ஒயர்தான். டைனமோவையும் விளக்கையும் மாதக்கணக்கில் விசாரித்து, பணம் சேர்த்து வாங்குகிறோம். ஒயரைக் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி அவசரமாகக் கட்டுகிறோம். புதிதாக ஹப் டைனமோ போடுகிற நண்பர்கள் என்னிடம் எந்த விளக்கு நல்லது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஒயர் எந்த வழியாகப் போகப்போகிறது என்று நான் திருப்பிக் கேட்பேன்.

எனக்கு டைனமோ பழக்கமானது அப்பாவின் சைக்கிளில். அப்பாவுக்குக் கும்பகோணத்துப் பக்கம் ஒரு ரைஸ்மில்லில் கணக்கு வேலை. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் வீடு திரும்புவார். தெருமுனையில் திரும்பும்போதே டைனமோ டயரில் உரசும் கிர்ர்ர் சத்தம் கேட்டுவிடும். அம்மா எழுந்து தட்டு வைக்கப் போவார். விளக்கில்லாமல் டவுனுக்குள் போனால் போலீஸ்காரர் நிறுத்தி டயர் காற்றைப் பிடுங்கிவிடுகிற காலம் அது. அதனால் மாலையில் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது என் வேலை. ஸ்டாண்டு போட்டுவிட்டு, முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, கையால் சுற்றிவிட வேண்டும்.

அந்த சைக்கிளில் இருந்தது மில்லர் கம்பெனி டைனமோ. அதிலிருந்து விளக்குக்கு ஒற்றை ஒயர்தான் போகும். மின்சாரம் திரும்பி வர ஒயரே கிடையாது; சைக்கிளின் இரும்பு உடம்புதான் திரும்பும் வழி. டைனமோவை ஃபோர்க்கில், அதாவது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையில், இறுக்கும் பட்டையில் கூரான ஒரு திருகு இருக்கும். அது பெயிண்டைக் குத்திக்கொண்டு உள்ளே இரும்பைத் தொட வேண்டும். மழையில் அந்த இடம் துருப்பிடித்துவிட்டால் விளக்கு எரியாது. ஒரு தடவை புது பல்பு மாற்றியும் எரியவில்லை என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்குப் போனேன். கடை மாமா பல்பைத் தொடவே இல்லை. "பல்பு நல்லாத்தான் இருக்கு தம்பி. எர்த்து எடுக்கலை" என்று சொல்லி, திருகைக் கழற்றி, அடியில் இருந்த துருவை அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, மறுபடி இறுக்கினார். விளக்கு எரிந்தது. காசு வாங்கவில்லை.

அப்பா சைக்கிளில் இன்னொரு தொல்லையும் உண்டு. முன்பல்பு ஃபியூஸ் ஆனால் கொஞ்ச தூரத்திலேயே பின்பல்பும் போய்விடும். அப்பாவுக்கு இது பழகிவிட்டது; முன்னால் வெளிச்சம் போன உடனே இறங்கி டைனமோவை டயரிலிருந்து விலக்கிவிடுவார். ஏன் அப்படி ஆகிறது என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. சைக்கிள் டைனமோ பேட்டரி மாதிரி கிடையாது. பேட்டரி வோல்ட்டேஜை நிலையாக வைத்திருக்கும். கரன்ட் எவ்வளவு என்பதை விளக்கு தீர்மானிக்கும். டைனமோவில் இது தலைகீழ். ஓரளவு வேகம் வந்த பிறகு எவ்வளவு மிதித்தாலும் அது கிட்டத்தட்ட அரை ஆம்ப் கரன்ட்தான் தள்ளும். உள்ளே இருக்கும் கம்பிச் சுருளே அதைக் கட்டுப்படுத்திவிடுகிறது. 6 வோல்ட், 3 வாட் என்பது கணக்கு. அதில் முன்பல்புக்கு 2.4 வாட், பின்பல்புக்கு 0.6 வாட். முன்பல்பு போய்விட்டால் அந்த அரை ஆம்ப் முழுவதும் பின்பல்பு வழியாகவே போகப் பார்க்கும். அதன் அளவோ பத்தில் ஒரு ஆம்ப். எப்படித் தாங்கும்?

ஒயர் வேலைக்கும் இந்தக் குணம் முக்கியம். டைனமோவின் இரண்டு முனையும் ஒன்றோடொன்று ஒட்டி ஷார்ட் ஆனால் டைனமோ கெட்டுப்போகாது, விளக்குதான் அணையும். ஒயர் அறுந்து, மிதித்துக்கொண்டே போனால் திறந்த முனைகளில் வோல்ட்டேஜ் ஆறிலிருந்து பல மடங்கு ஏறும். இறக்கத்தில் வேகமாக ஓடும் சைக்கிளின் அறுந்த ஒயரைத் தொட்டால் சுருக்கென்று இருக்கும். ஆகவே எந்த வேலையும் சக்கரத்தை நிறுத்திவிட்டுத்தான்.

ஹப் டைனமோ புதுச் சரக்கு இல்லை. இங்கிலாந்தில் ஸ்டர்மி ஆர்ச்சர் 1936-லேயே டைனோஹப் என்ற பெயரில் சக்கரத்தின் நடுவிலேயே டைனமோவை வைத்து விற்றார்கள். டயரில் உரசுவது இல்லை, மழையில் வழுக்குவது இல்லை, சத்தமும் இல்லை. நான் போட்டதற்குக் காரணம் ப்ரெவே ஓட்டம். 400 கிலோமீட்டருக்கு 27 மணி நேரம், 600-க்கு 40 மணி நேரம் என்று கெடு வைத்த நெடுந்தூர ஓட்டம் இது. ஒரு முழு இரவாவது சாலையில்தான் கழியும். பேட்டரி விளக்கோடு போனால் மனசு பாதி நேரம் சார்ஜ் எவ்வளவு மிச்சம் என்பதிலேயே இருக்கும். சக்கரம் சுற்றும்வரை வெளிச்சம் என்பது பெரிய நிம்மதி.

முதல் தடவை ஒயர் இழுத்ததைச் சொல்கிறேன். வீட்டில் கிடந்த ஸ்பீக்கர் ஒயரை எடுத்தேன். ஹப்பிலிருந்து ஃபோர்க்கை ஒட்டி மேலே கொண்டுபோய், ஃபோர்க்கிலும் அதற்கு மேலே ஃப்ரேமின் கழுத்திலும் பிளாஸ்டிக் கேபிள் டை போட்டு நரம்பு மாதிரி விறைப்பாகக் கட்டினேன். பார்க்க அழகாக இருந்தது. ஹேண்டில்பாரில் இருந்த விளக்குக்கு ஒரு முனை, அங்கிருந்து ஃப்ரேம் வழியாகப் பின்விளக்குக்கு இன்னொன்று. எங்கேயும் ஒரு அங்குலம்கூடத் தொங்கவில்லை. அந்த அழகுதான் தப்பு.

ஐந்து மாதம் கழித்து ஒரு 400 கிலோமீட்டர் ஓட்டம். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகக் கடலூர் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும். திரும்பும் வழியில் மரக்காணம் உப்பளத்தை நெருங்கும்போது ராத்திரி ஒன்றரை மணி. இரண்டு பக்கமும் கருப்பாகத் தண்ணீர், நடுவே சாலை, கடல் பக்கமிருந்து உப்புக் காற்று. முன்விளக்கு இரண்டு முறை சிமிட்டியது. அப்புறம் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால் பின்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பின்னால் நல்லா இருக்கிறது, அப்படியானால் முன்விளக்குதான் போய்விட்டது என்று நினைத்து சில நிமிடத்தை வீணாக்கினேன். பின்விளக்குக்குள் கொஞ்சம் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு கெப்பாசிட்டர் இருக்கிறது. சிக்னலில் நிற்கும்போது அணையாமல் இருப்பதற்காக அது சில நிமிடம் தாக்குப்பிடிக்கும். மின்சாரம் வந்துகொண்டிருந்ததால் அது எரியவில்லை, மிச்சத்தில் எரிந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் மங்கி அணைந்தது. அப்போதுதான் கோளாறு விளக்கில் இல்லை, அதற்கு முன்னாலேயே எங்கோ இருக்கிறது என்று தெரிந்தது.

கூட வந்த தம்பி செல்போன் டார்ச்சைப் பிடித்தார். நான் முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, இன்னொரு கையால் ஒயரைக் கீழிருந்து மேலாக விரலுக்கு விரல் நெரித்துக்கொண்டே வந்தேன். ஃபோர்க்கின் தலைப்பகுதிக்குக் கீழே, ஃபோர்க்கில் கட்டிய கடைசி கேபிள் டையை ஒட்டின இடத்தில் அழுத்தியதும் விளக்கு ஒரு கணம் மின்னியது. விட்டதும் போனது. "அண்ணா, அங்கதான்" என்றார் அவர். மேல் தோல் கீறல்கூட இல்லாமல் முழுசாக இருந்தது. கத்தியால் தோலைச் சீவினேன். உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக முறிந்து, முனைகள் எதிரெதிரே ஊசி மாதிரி நின்றுகொண்டிருந்தன. இரண்டு பக்கமும் செம்பு கருத்துப்போய், நடுவில் பச்சைக் களிம்பு. ஹேண்டில்பாரைத் திருப்பும்போது ஃபோர்க் திரும்பும், ஃப்ரேம் திரும்பாது; அப்போதெல்லாம் ஒயர் அந்த ஒரே புள்ளியில் மடங்கி நிமிர்ந்திருக்கிறது. ஐந்து மாதத்தில் எத்தனை ஆயிரம் முறை திருப்பியிருப்பேன்! டை இறுக்கிப் பிடித்திருந்ததால் மடிப்பு முழுவதும் அதன் விளிம்பிலேயே விழுந்தது.

கருத்த பகுதியை வெட்டி எறிந்து, நல்ல செம்பு தெரியும்வரை சீவி, முறுக்கி, டேப் சுற்றிக் கிளம்பினோம். ஒயரைச் சுண்டக் கட்டியிருந்ததால் வெட்டிய பிறகு நீளம் பற்றவில்லை. எல்லா டையையும் அறுத்துவிட்டு ஒயரைக் குறுக்கு வழியில் இழுத்து எட்ட வைக்க வேண்டியிருந்தது. விடியும்வரை ஒவ்வொரு திருப்பத்திலும் விளக்கைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். நேரத்துக்குள் முடித்தோம்.

தடிமனான ஒயர் போட்டிருந்தால் அறுந்திருக்காது என்று பலர் சொன்னார்கள். நானும் நம்பினேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் கரன்ட்டுக்காகத் தடிமன் தேவையே இல்லை. 0.5 சதுர மி.மீ. செம்பு ஒயரின் தடை மீட்டருக்கு சுமார் 0.034 ஓம். ஹப்பிலிருந்து முன்விளக்குவரை போகவர இரண்டு மீட்டர் என்று வைத்துக்கொண்டாலும், அரை ஆம்ப் கரன்ட்டில் இழப்பு ஒரு வோல்ட்டில் நூறில் மூன்று பங்கு. கண்ணுக்கே தெரியாது. பின்விளக்குக்குப் போகும் கரன்ட் அதைவிடக் குறைவு. ஒயரைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியது இழைகள் எத்தனை, தோல் எவ்வளவு வளையும் என்பதைத்தான். ஒரே தடிமனில் ஏழெட்டு முரட்டு இழை இருப்பதைவிட முப்பது நாற்பது மெல்லிய இழை இருப்பது பல மடங்கு உழைக்கும். கடையில் கேட்டால் முனையைச் சீவிக் காட்டுவார்கள். விரலில் சுற்றிப் பாருங்கள். சுற்றின வடிவிலேயே நிற்கிற ஒயர் வேண்டாம், தளர்ந்து விழுகிற ஒயர் வேண்டும்.

மரக்காணத்துக்குப் பிறகு இரண்டாவது தடவை இழுத்தேன். இனி எங்கேயும் விட்டுப்போகக் கூடாது என்ற வைராக்கியத்தில் எல்லா இணைப்பையும் ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். ஹப்பில் மாட்டும் லக் (ஒயர் முனையில் பிடிக்கும் சின்ன உலோகத் தகடு), விளக்கு முனை, நடுவில் ஒரு ஒட்டு என எல்லாவற்றுக்கும் ஈயம், அதன்மேல் சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் ஸ்லீவ், அதன்மேல் டேப். அசைத்தாலும் அசையாது. அதிலிருந்து இரண்டு பாடம் கற்றேன்.

ஒன்று, ஈயம் வைத்த இடத்துக்கு அடுத்த இடம். பற்றவைக்கும்போது உருகின ஈயம் இழைகளுக்குள் கொஞ்ச தூரம் ஏறிவிடும். அதுவரை ஒயர் கம்பி மாதிரி விறைத்துவிடும். விறைப்பு முடிந்து மென்மை தொடங்கும் கோட்டில்தான் அதிர்வு முழுவதும் விழும். ரேடியோவுக்குள் அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஒயருக்கு ஈயம் நல்லது. குண்டும் குழியுமான ரோட்டில் நாளெல்லாம் நடுங்கும் ஒயருக்கு நல்ல ப்ளையரால் நசுக்கிப் பிடித்த லக்தான் நிற்கிறது. ஈயம் வைத்தே ஆக வேண்டும் என்றால், அந்த விறைப்பு முடியும் இடத்தைத் தாண்டி இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் ஏறியிருக்க வேண்டும், அந்த இடம் ஃப்ரேமோடு கட்டுப்பட்டும் இருக்க வேண்டும்.

இரண்டாவது பாடம் திண்டிவனம் பக்கத்தில் நடந்தது. முன்சக்கரம் பஞ்சர். வெயில், அவசரம். சக்கரத்தைக் கழற்ற ஹப்பிலிருந்து லக்கை உருவ வேண்டும். நான் சுற்றிய டேப்பும் ஸ்லீவும் அதை விடவில்லை. சக்கரம் ஃபோர்க்கிலிருந்து நழுவிக் கீழே இறங்கியபோது ஒயரும் கூடவே இழுபட்டு, லக்கின் கழுத்தில் அறுந்தது. சக்கரத்தைக் கழற்றுவது என்பது சைக்கிள்காரரின் அன்றாட வேலை. அதற்கு இடம் கொடுக்காத ஒயர் வேலை எவ்வளவு உறுதியாக இருந்தாலும் பயன் இல்லை. ஷிமானோ ஹப்பில் வருகிற பிளக்கை இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒயரின் தோலைச் சீவி, இழைகளை முறுக்கி, பிளாஸ்டிக் காடியில் மடித்து வைத்து, மூடியை அழுத்தினால் போதும். ஈயமும் வேண்டாம், லக்கும் வேண்டாம். வழியில் ஒயர் அறுந்தால் பல்லால் சீவிக்கூட மறுபடி போட்டுவிடலாம். ஜெர்மனியின் சோன் (SON) ஹப்பில் 4.8 மி.மீ. தட்டை லக்குகள். என்னுடையதும் லக் வகைதான். பின்விளக்குப் பக்கம் பெரும்பாலும் 2.8 மி.மீ. சின்ன லக் வரும். இரண்டு அளவையும் தெரிந்து வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பெரியதை நசுக்கிச் சின்னதில் மாட்டினால் முதல் மழைக்கே கழன்றுவிடும்.

அந்த இரண்டாவது ஒயரில் இன்னொரு கோளாறு வந்து என்னை நான்கு வாரம் அலைக்கழித்தது. இடது பக்கம் திரும்பினால் மட்டும் விளக்கு அணையும், நேரானதும் எரியும். எங்கேயும் அறுபடவில்லை. கடைசியில் ஹப்பிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை பீப் சத்தம் போடும் நிலையில் வைத்து, ஒரு முனையை ஃப்ரேமில் பெயிண்ட் உதிர்ந்த இடத்திலும் மறுமுனையை ஒயரிலும் வைத்து ஹேண்டில்பாரைத் திருப்பினேன். இடது பக்கம் வந்ததும் பீப். தகர மட்கார்டின் விளிம்பு ஒயரின் தோலை ஒரு நெல் நீளத்துக்கு அரைத்திருந்தது. திரும்பும்போது செம்பு மட்கார்டைத் தொட்டு, ஃப்ரேம் வழியாக ஷார்ட்.

இரண்டு ஒயர் இழுத்திருக்கும்போது ஒரு ஒயர் ஃப்ரேமைத் தொட்டால் மட்டும் ஷார்ட் ஆகக் கூடாதே என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. காரணம், சில ஹப்களில் ஒரு முனை உள்ளேயே ஆக்சிலோடு, அதாவது சக்கரத்தின் அச்சோடு, சேர்ந்திருக்கும். ஆக்சில் ஃபோர்க்கைத் தொடுகிறது. சில விளக்குகளின் உலோக உடம்பும் அப்படியே எர்த்தாக இருக்கும். அப்பா சைக்கிளின் எர்த்து, ஓட்டுகிறவர்களுக்குத் தெரியாமல் இன்னும் பல புது சைக்கிள்களில் இருக்கிறது. அதனால் இந்த வகையில் எந்த ஒயர் எந்த முனையில் என்பது முக்கியம். ஹப்பில் எர்த்துக் குறி போட்ட முனை, விளக்கின் எர்த்து முனைக்குத்தான் போக வேண்டும். மாற்றி மாட்டினால், ஒயர் எல்லாம் நன்றாக இருந்தும் ஃப்ரேம் வழியாக ஷார்ட் ஆகி விளக்கு எரியவே எரியாது. டைனமோ தருவது மாற்று மின்சாரம்தானே, எப்படி மாட்டினால் என்ன என்று நினைத்து ஒரு முழு மாலையை இழந்த நண்பர் எனக்கு உண்டு. இப்போது நான் எர்த்து அல்லாத ஒயரின் இரண்டு முனையிலும் சிவப்பு நகப்பூச்சு வைத்துவிடுகிறேன். மழைக்கும் போகாது, டார்ச் வெளிச்சத்திலும் தெரியும்.

சரி, மூன்றாவது தடவைக்கு வருகிறேன். இந்த முறை ஒயரை வெட்டுவதற்கு முன் ஒரு சணல் கயிற்றை அதே வழியில் ஓட்டிப் பார்த்தேன். கயிறு போட்டுவிட்டு ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முட்டும்வரை திருப்பினேன், முன்சக்கரத்தைக் கழற்றி மாட்டினேன், பையைக் கேரியரில் தொங்கவிட்டேன், பூட்டை மாட்டினேன். கயிறு எங்கெல்லாம் இழுபட்டதோ, எங்கெல்லாம் கால் பட்டதோ அந்த இடங்களையெல்லாம் மாற்றினேன். அப்புறம்தான் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் ஒயரும் லக்கும் ஸ்லீவும் வாங்கினேன். கயிற்றின் நீளத்தைவிட ஒரு முழம் அதிகமாக.

முன்விளக்கை ஹேண்டில்பாரிலிருந்து இறக்கி ஃபோர்க் தலையில் வைத்தேன். இதில் பெரிய லாபம் இருக்கிறது. ஹப், ஃபோர்க், விளக்கு மூன்றும் சேர்ந்தே திரும்பும்; ஒயரை ஃப்ரேமில் கட்டவும் வேண்டியதில்லை. அதனால் முன்விளக்கின் ஒயர் எங்கேயும் மடங்குவதே இல்லை. திருப்பத்தைத் தாண்டுவது பின்விளக்கு ஒயர் மட்டும். அது போனாலும் முன்னால் வெளிச்சம் இருக்கும். அந்த இடத்தில் ஒயரை பிரேக் கேபிளைச் சுற்றிப் பேனா ஸ்பிரிங் மாதிரி ஐந்தாறு சுற்று தளர்வாகச் சுற்றிவிட்டேன். மடிப்பு ஒரு புள்ளியில் விழாமல் முழு நீளத்துக்கும் பங்கு போகிறது. சுருளின் இரண்டு முனையையும் மட்டும் கட்ட வேண்டும். சுருளை விட்டுவிட வேண்டும்.

ஹப்பிலிருந்து கிளம்பும் ஒயரை நேராக மேலே கொண்டுபோகாமல், முதலில் லக்குக்குக் கீழே ஒரு வளைவு இறக்கி அப்புறம் ஃபோர்க்குக்கு ஏற்றியிருக்கிறேன். மழைத் தண்ணீர் ஒயரைப் பிடித்துக்கொண்டு வழிந்து வரும். வளைவின் அடியில் சொட்டிவிடும், லக்குக்குள் போகாது. வீட்டுக்குள் மின் ஒயர் வரும் இடத்தில் எலக்ட்ரீஷியன் விடும் அதே வளைவுதான். அந்த வளைவு சக்கரம் கழற்றும்போதும் உதவுகிறது. திண்டிவனத்துக்குப் பிறகு லக்கின்மேல் டேப் கிடையாது. மாட்டும் முன் கொஞ்சம் வாசலின் தடவுகிறேன். உப்புக் காற்றுக்கு அது போதும் என்று மூன்று மழைக்காலமாகப் பார்த்துவிட்டேன்.

ஃபோர்க்கில் ஒயரைப் பின்பக்கமாக, அதாவது சைக்கிள் ஓட்டுபவரைப் பார்த்த பக்கமாக ஓட்டுங்கள். முன்பக்கம் கல்லும் முள்ளும் படும், உள்பக்கம் ஸ்போக்ஸ். கட்டுவதற்கு இப்போது கேபிள் டை பயன்படுத்துவதில்லை. பழைய டியூபை ஒரு விரல் அகலத்துக்கு வெட்டின ரப்பர் பட்டைதான். ஒயருக்கு அடியில் ஒரு சுற்று, மேலே இரண்டு சுற்று, முடிச்சு. ரப்பர் ஒயரைக் கடிக்காது, பெயிண்டையும் தேய்க்காது, வழியில் கையாலேயே அவிழ்க்கலாம். மட்கார்டில் ஒயர் நுழையும் ஓட்டைக்கு ரப்பர் வளையம் போட்டேன். அதே டியூபில் வெட்டினதுதான்.

பின்விளக்குக்குப் போகும் ஒயரை ஃப்ரேமின் கழுத்திலிருந்து பெடல் அச்சுக்குச் சரிந்து இறங்கும் டவுன் டியூபின் அடிப்பக்கம், கியர் கேபிளோடு சேர்த்துக் கொண்டுபோனேன். பெடல் அச்சுக்குக் கீழே போகும் இடத்தில் மட்டும் சேறும் செயின் எண்ணெயும் அதிகம் என்பதால் ஒரு அடி நீளத்துக்கு மெல்லிய பிளாஸ்டிக் குழாய்க்குள் நுழைத்தேன். அப்புறம் மட்கார்டு கம்பியைப் பிடித்து மேலே ஏறி, கேரியர் தட்டின் அடியில் பின்விளக்கு. கேரியரின் வெளிப்பக்கக் கம்பியில் மட்டும் ஒயரைக் கட்டாதீர்கள். பையின் கொக்கி அங்கேதான் மாட்டும். ஒவ்வொரு முறையும் ஒயரைத் தேய்க்கும்.

ஒயரின் நடுவே ஓர் இடத்தில் எளிதாகக் கழன்றுகொள்ளும் ஒரு இணைப்பை வேண்டுமென்றே வைத்திருக்கிறேன். சைக்கிள் விழுந்தாலோ ஒயர் எதிலாவது மாட்டி இழுபட்டாலோ அது கழன்றுகொள்ளும், ஒயர் அறுபடாது. ஃபோர்க் தலைக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே, பின்விளக்கு ஒயரில் இதை வைப்பது நல்லது. பின்பக்க ஒயரில் ஷார்ட் ஆகிவிட்டால் பல விளக்குகளில் முன்விளக்கும் சேர்ந்து அணைந்துவிடும். நடுரோட்டில் அப்படி நின்றால் நான் முதலில் செய்வது அந்த இணைப்பைக் கழற்றுவதுதான். முன்விளக்கு வந்துவிட்டால் கோளாறு பின்னால். வரவில்லை என்றால் ஹப்புக்கும் முன்விளக்குக்கும் நடுவே இருக்கிற அந்த ஒரு மீட்டரில்.

வீட்டில் சோதிக்கிறவர்களுக்கு ஒரு வழி. மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஹப்பின் இரண்டு முனையிலும் நேராகப் பிடித்து, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். சில வோல்ட்டாவது காட்டினால் ஹப் நன்றாக இருக்கிறது. அப்புறம் லக்கை மாட்டி, விளக்குப் பக்க முனையில் அதே சோதனை. இங்கே காட்டி அங்கே காட்டவில்லை என்றால் ஒயர். சைக்கிளை மெதுவாகத் தள்ளிக்கொண்டு போகும்போது விளக்கு படபடவென்று துடிப்பதைப் பார்த்து ஒயர் லூஸ் என்று பயந்துவிட வேண்டாம். 28 காந்தத் துருவம் உள்ள ஹப் ஒரு சுற்றுக்கு 14 அலை தரும். நடை வேகத்தில் சக்கரம் நொடிக்கு அரைச் சுற்றுக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் சுற்றும். அந்தத் துடிப்பு கண்ணுக்குத் தெரியும். 15 கிலோமீட்டர் வேகத்தில் தெரியாது. ஆனால் வேகமாகப் போகும்போதும் குழியில் இறங்கினால் மட்டும் சிமிட்டுகிறது என்றால் அது இணைப்பேதான். அன்றைக்கே பாருங்கள்.

ரயிலில் பார்சல் போடுகிறவர்கள், ஹப்பின் இணைப்பு இருக்கிற பக்கம் தரையில் படும்படி சைக்கிளைப் படுக்கவைக்க விடாதீர்கள். நான் பார்சல் போடும் முன் லக்கைக் கழற்றி ஃபோர்க்கோடு கட்டிவிடுகிறேன். பஞ்சர் பையில் ஒரு மீட்டர் ஒயர், இரண்டு அளவிலும் இரண்டிரண்டு லக், கொஞ்சம் டேப் எப்போதும் இருக்கும். இது மொத்தம் ஒரு கைப்பிடிகூட வராது.

மூன்றாவது ஒயரை இழுத்த கையோடு மிச்சமிருந்த துண்டை ஊருக்கு எடுத்துப்போனேன். அப்பாவின் சைக்கிள் திண்ணை ஓரத்தில் இன்னும் நிற்கிறது. மில்லர் டைனமோவும் அதில்தான் இருக்கிறது. டைனமோ ரோலரின் அச்சில் மட்டும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, டைனமோவின் பட்டைத் திருகிலிருந்து முன்விளக்கு உடம்புக்கும் பின்விளக்கு உடம்புக்கும் திரும்பும் ஒயர் போட்டேன். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு ஒயர் போகுதே, இனிமே எர்த்து ஆணி வேண்டாமா?"

"வேண்டாம்பா. திரும்பி வர்றதுக்கும் ஒயர் இருக்கு."

அப்பா எழுந்து வந்து ஃபோர்க் நெடுகக் கையால் தடவிப் பார்த்தார். ரப்பர் பட்டை ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தார். அப்புறம் என் கையிலிருந்த திருப்புளியை வாங்கி, அந்தக் கூர்த் திருகை ஒரு அரைச் சுற்று இறுக்கினார். நான் முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டேன். கிர்ர்ர் என்றது. திண்ணைச் சுவரில் மஞ்சளாக ஒரு வட்டம் விழுந்தது, பின்னால் மட்கார்டில் சிவப்பு எரிந்தது. உள்ளேயிருந்து அம்மா, "யாரு, இந்நேரத்துக்கு?" என்று கேட்டார்.